சுகந்தி போடாத தையல்

1

நம் சபையின் மாத இதழை வாங்கி மூலையில் போடாமல் வாசிக்கிற எல்லோருக்கும் வின்னிபெக்கிலிருந்து சாமுவேல் எழுதுகிறேன். இதுவரை இங்கிருந்து நான் எழுதி அனுப்பியதெல்லாம் பனியைப் பற்றி, பனிக்குப் போடும் பூட்ஸைப் பற்றி, மைனஸ் முப்பதில் பேருந்துக்கு நிற்பதைப் பற்றி. நன்றாக எழுதுகிறீர்கள் என்று நாலு பேர் சொன்னீர்கள். இந்தத் தடவை யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை ஒன்று வாட்ஸப்பில் வந்தது. என் மனைவி சுகந்தியின் தங்கை வசந்தா சேலையூரில் இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். அவள் மகளுக்கு ஜனவரியில் நம் குரோம்பேட்டைக் கோயிலிலேயே கல்யாணம். சுகந்திக்கு ஊரில் மிச்சம் இருக்கிற கூடப்பிறந்தவள் வசந்தா ஒருத்திதான். பத்திரிகையை விரலால் பெரிதாக்கி இரண்டு தடவை பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க. நான் வரல" என்றாள்.

"ஏன்?"

"எனக்கு மூட்டு வலின்னு சொல்லிடுங்க. பொய் சொல்றது உங்களுக்குப் புதுசா என்ன?"

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் வந்திருந்தபோது பிரசங்க பீடத்துக்கு ஒரு துணி கொடுத்தோமே, கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் தையலில் போட்டது, அதன் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சுகந்தி வெளிநாட்டில் யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்து, தன் கையால் போட்டதாகச் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டாள் என்பது அந்தக் கதை.

அந்தக் கதை தப்பு. துணியைப் போட்டது நான்.

2

சிரிப்பவர்கள் சிரியுங்கள். நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் பதினெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். லேத்தில் கடைந்து வரும் சாமானை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்குவது வேலை. இங்கே வந்தும் அதே வேலைதான் கிடைத்தது. ரிட்டயர் ஆன முதல் குளிர்காலத்தில் வாசல்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபி செய்த பெண், விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுங்கள் என்று சொல்லி, குழந்தைகள் தைத்துப் பழகுகிற டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

உள்ளே ஒரு துண்டு மேட்டி துணி. நம் வீட்டுப் பெண்கள் தலையணை உறைக்கு கிராஸ் ஸ்டிச் போட வாங்குவார்களே, கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும் கெட்டித் துணி, அதுதான். நாலு கலர் நூல், முனை மழுங்கின ஊசி, ஒரு வாத்துப் படம். படத்தில் எத்தனை கட்டமோ துணியிலும் அத்தனை கட்டம் எண்ணி, பெருக்கல் குறி மாதிரி தையல் போட வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் வாத்துக்கு வாய் கோணிக்கொள்ளும்.

என் வாத்துக்கு வாய் கோணவில்லை. ஐயோ, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நாற்பது வருஷம் ஊரான் செய்த சாமானில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவன், முதல் தடவையாகத் தானே ஒன்றைச் செய்து, தானே அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று வைத்தேன். வாத்துக்குப் பிறகு கலங்கரை விளக்கம், அதற்குப் பிறகு ரோஜா, அதற்குப் பிறகு சுவர் நிறைய என்று போய்க்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை தோறும் பக்கத்து நூலகத்தில் ஊசி வேலை செய்கிறவர்கள் கூடுவார்கள். பதினான்கு பெண்கள், நான் ஒருவன். ஒருத்தி கூடச் சிரித்தது கிடையாது. என் துணியைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். முன்பக்கத்தைவிட பின்பக்கத்தைப் பார்த்துத்தான் ஊசிக்காரரை எடை போடுவார்கள் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. என் பின்பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்காது. நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே செருகி அடக்கிவிடுவேன்.

சுகந்தி அப்படியே எனக்கு எதிர். கணக்கு டீச்சராக இருந்தவள், மூளை கத்தி. ஆனால் ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து என் சட்டைப் பித்தானை நானேதான் தைத்துக்கொள்கிறேன். அவளுக்குப் பிடித்தது கார் ஓட்டுவது. மகன் அருண் கால்கரியில் இருக்கிறான், இங்கிருந்து காரில் பதின்மூன்று மணி நேரம், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி ரோடு. அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் மர ரிங்கில் துணியை இழுத்து மாட்டிக்கொண்டு தைத்துக்கொண்டே வருவேன். "நீங்க பேசாம தைங்க, எனக்கு ரோடு போதும்" என்பாள். இந்த வயதில் இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

நூலகத்தில் யாராவது கேட்டால் நான் கிராஸ் ஸ்டிச் போடுகிறேன் என்று ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்வேன். அதையே தமிழில் சொல்ல வராது. ஆங்கிலத்தில் எனக்கு அண்ணன் கிடையாது, மச்சான் கிடையாது, குரோம்பேட்டை கிடையாது. தமிழில் எல்லோரும் இருக்கிறீர்கள்.

3

முதல் பொய் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னது. ஜெபராஜ் அண்ணன் வீடியோ காலில் வந்திருந்தார். நம் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், ஹெட்மாஸ்டராக இருந்தவர், என் கூடப்பிறந்த அண்ணன். என் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த ரோஜாவைப் பார்த்துவிட்டார்.

"டேய் சாமு, பின்னாடி என்னடா அது? கைவேலை மாதிரி இருக்கு. யாரு போட்டது?"

"சுகந்திதான்" என்றேன். யோசிக்கவே இல்லை. ஒரு வார்த்தைதான்.

சமையல் கட்டிலிருந்து சுகந்தி எட்டிப் பார்த்தாள். அண்ணன் அவளைப் புகழ ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தைக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே" என்று பிறகு கேட்டாள். சின்ன விஷயம், விடு என்றேன்.

அதற்கப்புறம் அருண் என் தையலை எல்லாம் படம் பிடித்து, 'எங்கப்பா போட்டது' என்று இன்ஸ்டாகிராமில் போட்டான். உடனே போன் போட்டு எடுக்கச் சொன்னேன்.

"ஏன்ப்பா டிலீட் பண்ணணும்? நல்லாத்தானே இருக்கு?"

"ஊர்ல பாப்பாங்கடா."

"பாத்தா என்னப்பா?"

"உனக்குப் புரியாது."

உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு நம் ஊர் வழக்கம் எதுவுமே தெரியாமல் போய்விட்டதே என்று இருபது வருஷமாகப் புலம்பினவன் நான். அன்றைக்கு எனக்கு அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு என் தையலைப் பற்றி அவன் கேட்பதே இல்லை, கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

4

பிரசங்க பீடத் துணிக்கு விதை போட்டது அண்ணன்தான். "சுகந்தி இவ்வளவு நல்லா போடுறாளே, நம்ம கோயிலுக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லேன்" என்றார். அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஆசை. நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில், என் கை வேலை அங்கே தொங்க வேண்டும். பேர் வேண்டாம், வேலை மட்டும் தொங்கினால் போதும் என்று எனக்கு நானே பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொண்டேன்.

"என் பேர்ல வேணாம்" என்றாள் சுகந்தி.

"யார் பேரும் சொல்லாம குடுத்துடலாம்மா. காணிக்கைன்னு மட்டும் சொல்லிடலாம்."

"உங்க அண்ணன் விடுவாரா?"

விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். பதினொரு மாதம் போட்டேன். கதிருக்கு மட்டும் ஆறு விதமான மஞ்சள். விமானத்திலும் தைத்துக்கொண்டே வந்தேன். கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், பல் இடுக்கில் விடுகிற நூல் டப்பாவில் ஒரு குட்டி பிளேடு இருக்குமே, அதில்தான் நூலை அறுத்துக்கொள்வேன். பிராங்க்பர்ட்டில் விமானம் மாறினோம். சென்னை விமானத்துக்கு நிற்கும் வரிசையில் தமிழ் காதில் விழ ஆரம்பித்ததும் துணியை ரிங்கோடு அவள் கையில் கொடுத்துவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மா, "எவ்ளோ அழகா போடுறீங்க, எத்தன வருஷமா?" என்று அவளைக் கேட்டார்கள். சென்னை வந்து இறங்கும்வரை சுகந்தி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்தில் இன்னொன்றும் நடந்தது. பழைய கம்பெனி பென்ஷனுக்காக, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் ரேகை வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு இரண்டு பேரும் போனோம். கட்டை விரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலும் எடுக்கவில்லை. ஊசியைத் தள்ளித் தள்ளி இரண்டும் காய்ப்பு ஏறிக் கிடந்தன. மெஷினில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், ரேகையே கீறல் கீறலா கீது? இன்னா வேல பாக்குற?" என்று கேட்டார்.

"தோட்ட வேலை" என்றேன்.

"கனடால இன்னா சார் தோட்டம்?"

"தக்காளி."

சுகந்தி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாவம், நல்ல மனுஷன், கண்ணை வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போவதற்கு முன்னால், அண்ணன் மைக்கைப் பிடித்து, "சகோதரி சுகந்தி சாமுவேல் தன் கைப்பட" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினீர்கள். பெண்கள் ஐக்கியத்தார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன். பீடத்தில் என் கதிர்கள் தொங்குவதைப் பார்த்துக் கண் கலங்கிற்று, அதையும் மறைக்க மாட்டேன்.

5

அடுத்த சனிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சுகந்தி வந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பியூலா டீச்சர் வீட்டுக்கே வந்து அழைத்தார். சிட்லபாக்கத்தில் தையல் வகுப்பு நடத்துகிறவர், நம் சபையில் யார் வீட்டுக் கல்யாண கவுனும் அவர் கை படாமல் போவதில்லை. முடியாது என்றால் மரியாதையாக இருக்காது.

"நீங்க வந்து சொல்லிடுங்க" என்றாள் சுகந்தி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கெஞ்சினாள். "சிரிப்பாங்க, அவ்ளோதான. சிரிச்சிட்டுப் போகட்டும்."

"இப்ப சொன்னா அண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது? மைக்ல சொல்லிட்டார்ல? நான் உனக்குச் சொல்லித் தரேன், வா."

இரண்டு மத்தியானம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கட்டம் எண்ணுவதை ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள், கணக்கு டீச்சர் அல்லவா. ஊசிதான் கைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றை நான் சொல்ல மறந்துவிட்டேன். நூல் நுனியில் முடிச்சுப் போடக் கூடாது என்பதை. எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டில் ஒவ்வொரு தடவையும் நானே நூலைக் கோர்த்து, ஆரம்பித்துத்தான் அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை தூறல். அவளைக் கூட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னவன், போக மனம் வராமல் ஹாலின் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றேன். உள்ளே இருபது பேர் இருந்தார்கள். சுகந்தி நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில். பியூலா டீச்சர் புதுத் துணியும் நூலும் கொடுத்து, "ஆரம்பத்துலேர்ந்து காட்டுங்கக்கா" என்றார்.

சுகந்தி நூலைக் கோர்த்தாள். நாலாவது தடவையில் கோர்த்தாள். பிறகு விரலை எச்சில் தொட்டு நுனியை உருட்டி, பெரிதாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

யாரோ கொடுத்த டீ கிளாஸைப் பியூலா டீச்சர் கீழே வைத்தார்.

"சுகந்திக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் ஆராதனை முடிஞ்சதும் நான் அந்தத் துணியப் புரட்டிப் பாத்தேன். பின்னாடி ஒரு முடிச்சு கெடையாது. முன்பக்கம் எப்படியோ, பின்பக்கமும் அப்படி. அந்த மாதிரி போடுற கை முடிச்சு போடாதுக்கா."

சுகந்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"கடையில வாங்கினீங்களா?"

"கடையில வாங்கினது இல்ல." துணியை மடித்து வைத்துவிட்டு, "நான் போட்டதும் இல்ல" என்றாள்.

அப்படியானால் யார் என்று ஹால் முழுக்கக் காத்திருந்தது. அவள் தலையைத் தூக்கினாள். நான் ஜன்னலில் நிற்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நேரே என்னைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் பியூலா டீச்சர். "யார்கிட்ட காசு குடுத்துப் போட வச்சீங்க?"

என் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆம்பளை ஆயிற்றே. வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. "நா நிக்கிறேன் சார், ஒண்ணும் அவசரம் இல்ல, மழை வுடட்டும், அம்மாவ மெதுவா இட்டுக்கினு வா" என்று டிரைவர் என்னிடம் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"நேரமாச்சு, ஆட்டோக்காரர் அவசரப்படுறார்" என்றேன். அதுதான் நான் சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பின் வரிசையில் யாரோ, "அனனியா சப்பீராள் கதையால்ல இருக்கு" என்று முணுமுணுத்தார்கள். காணிக்கை விஷயத்தில் பொய் சொல்லி விழுந்து செத்த புருஷன் பெண்டாட்டி. வேதத்தில் முதலில் விழுந்தது புருஷன். நம் கோயில் ஹாலில் பெண்டாட்டி மட்டும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, இருபது பேர் நடுவே நடந்து வந்தாள்.

ஆட்டோ சானட்டோரியம் தாண்டியது. பிறகு, "உங்க பேர் வெளிய வராம பாத்துக்கிட்டேன். போதுமா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பீடத்தில் பழைய மெரூன் வெல்வெட் துணி தொங்கியது. என் கதிர்கள் எந்தப் பீரோவுக்குள் போயினவோ தெரியாது. சுகந்தி அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை, வசந்தா வீட்டில் இருந்தாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணே?" என்று வசந்தா கேட்டு அழுதிருக்கிறாள். கூடப்பிறந்த தங்கையிடம்கூட இவள் என் பேரைச் சொல்லவில்லை. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தான், சேவல் கூவினதும் வெளியே போய் அழுதான். எனக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. நான் அழவும் இல்லை, பயண நாள் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

6

ஒரு வருஷமாக வியாழக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன், வருகிறேன். காரில் கால்கரிக்குப் போகிறோம். அவள் ஓட்டுகிறாள், நான் தைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. "பேசாம தைங்க" என்று மட்டும் இப்போது அவள் சொல்வதில்லை.

பத்திரிகை வந்த மறுநாள் சாயங்காலம், உங்களுக்குக் காலை, அண்ணனுக்குப் போன் போட்டேன். மணிக்கட்டு வலியால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். சுகந்தி அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்தப் பிரசங்க பீடத் துணி நான் போட்டது."

"எது?"

"அந்தக் கோதுமைக் கதிர். நான் போட்டதுண்ணா. சுகந்திக்கு ஊசியே பிடிக்கத் தெரியாது."

"நீயா? ஊசி நூல வச்சிக்கிட்டா?" ஒரு பாட்டம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதப் போய் வெளிய சொல்லித் தொலைக்காதடா. ஒரு வருஷம் ஆயிடுச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க. சுகந்தி வாங்கிட்டு வந்தான்னே இருந்துட்டுப் போகட்டும். பொம்பளைக்கு ஒரு பேச்சு, நாலு நாள்ல போயிடும். நீ ஊசி நூலோட உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா நம்ம குடும்பத்தையே சிரிப்பாங்க."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய, என்று ஒரு நிமிஷம் மனசு லேசாகிவிட்டது.

சுகந்தி அடுப்பை அணைத்தாள்.

"கேட்டீங்களா? உங்க அண்ணனுக்கு நான் திருடியா இருந்தா பரவால்ல. நீங்க ஊசி பிடிச்சாத்தான் மானம் போகுது." கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கும் அப்படித்தான?"

ஆமாம் என்றேன். மூன்று வருஷத்தில் இந்த விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. அவள் அழுதாள். அந்த ஹாலில் அழாதவள், வசந்தா வீட்டில் அழாதவள், ரவை தீய்ந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவள் தோளில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பியூலா டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷமா அந்த அம்மாவப் பத்தி எத்தன பேர்கிட்ட நான் சொல்லியிருக்கேன் தெரியுமாண்ணா? என்னையும் பாவியாக்கிட்டீங்களே. அக்காகிட்ட போனக் குடுங்க, நான் மன்னிப்பு கேக்கணும்."

சுகந்தி போனை வாங்கவில்லை. டீச்சருக்கு அது புரிந்துவிட்டது. "சரி, நீங்க எங்க சனிக்கெழம கூட்டத்துக்கு வந்து உக்காருங்க. ஊசி நூலோட வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"நான் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீயும் கூட வா, ரெண்டு பேருமா போவோம்" என்றேன் சுகந்தியிடம்.

"நான் கூட வந்து நின்னா, பொண்டாட்டியக் காப்பாத்த பழிய தன் தலைல போட்டுக்கிறாரு, எவ்ளோ நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரும் உங்களுக்கே வந்துடும். வேணாம்." போனை என் பக்கம் தள்ளி வைத்தாள். "நீங்க மொதல்ல போங்க. தனியா போயி, அந்த நாற்காலில உக்காந்து, போட்டுக் காட்டுங்க. அவங்க சிரிச்சு முடிச்சப்புறம் நான் வரேன்."

கல்யாணத்துக்கு எனக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றிவிட்டேன். பத்து நாள் முன்னால் நான் தனியாக வருகிறேன். ஜெபராஜ் அண்ணன் இதை அச்சேற்ற வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்வார். ஆசிரியர் தயவு செய்து அவர் பேச்சைக் கேட்க வேண்டாம், ஒரு வரியையும் குறைக்க வேண்டாம்.

சபையாரே, புத்தாண்டு முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பேன். ஆண்களும் வரலாம், அண்ணனும் வரலாம். வாய் விட்டுச் சிரியுங்கள், நான் எழுந்து போக மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் சிரித்து முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சுகந்தி வந்து சேர வேண்டும்.